யாருடன் வாழ விருப்பம்?

மக்கள் கூடி வேலை செய்யும் விதத்தையும், அவர்களுக்குள் ஓடுகின்ற நட்பு, பகை, உதவி முதலிய தொடர்புகளையும், அத்தொடர்புகளைக் கணினியும் கைப்பேசியும் மாற்றியமைக்கும் வகையையும் ஒருசேர ஆராய்கின்ற துறை ஒன்று இன்று உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் செழித்து வளர்ந்திருக்கிறது. அதன் மூலத்தைத் தேடிப் புறப்படுகிறவர், அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்திலே ஹட்சன் நதிக்கரையில் அந்த நதியின் பெயரையே தாங்கி நிற்கும் சிற்றூருக்குப் போய், அங்கே ஒரு காலத்தில் நடந்துவந்த சீர்திருத்தப் பள்ளியின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். குற்றம் புரிந்தவர்கள் என்றும் கட்டுக்கு அடங்காதவர்கள் என்றும் நீதிமன்றங்கள் தீர்மானித்து அனுப்பிய ஏறக்குறைய 500 இளம் பெண்கள் அங்கே தனித்தனி இல்லங்களில், ஒவ்வோர் இல்லத்துக்கும் நியமிக்கப்பட்ட ஒரு காப்பாளம்மையின் கண்காணிப்பில் வாழ்ந்து வந்தார்கள்.

1932-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இரண்டே வாரங்களுக்குள் அப்பள்ளியிலிருந்து 14 பெண்கள் ஓடிப்போனார்கள். வழக்கமாக நடப்பதைப்போல் இது முப்பது மடங்கு. பெண்களின் துர்க்குணத்தையோ காவலின் தளர்ச்சியையோ காரணமாகச் சொல்லி, பூட்டை இன்னும் இறுக்கிவிட்டு அமைதியடைவதே எந்த நிர்வாகத்துக்கும் சுலபமான வழி. ஹட்சனில் அப்போது ஆராய்ச்சிப் பொறுப்பேற்றிருந்த ஜேகப் மொரேனோ என்ற வைத்தியர், ஓடியவர்களின் குணத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, அவர்களில் யாருக்கு யார் வேண்டியவர், யாருடைய மனம் யாரை நாடிற்று என்பதையே ஆராய முற்பட்டார். வெவ்வேறு இல்லங்களில் வாழ்ந்த அப்பெண்களை நட்பின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் பிணைத்திருந்தன என்பதும், ஓடிப்போகும் எண்ணம் அவ்விழைகளின் வழியாகவே ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்குச் சென்றது என்பதும் அவர் கண்ட முடிவு.

மொரேனோ புக்கரெஸ்டில் பிறந்து வியன்னாவில் வைத்தியம் பயின்றவர். முதல் உலகப் போரின்போது, டைரோல் பிரதேசத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட இத்தாலிய மொழி பேசும் அகதிகள் குடியிருந்த மிட்டெர்ன்டார்ஃப் முகாமில் அவர் பணிபுரிந்தார். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தின் பக்கத்தில் வாழ விரும்புகிறது என்று ஒருவரும் கேளாமல், அதிகாரிகள் தங்கள் சௌகரியப்படி மக்களைக் கொட்டகைகளில் நிரப்பியதால் விளைந்த துயரத்தை அவர் கண்ணாரக் கண்டவர். அவரவர் விருப்பத்தைக் கேட்டறிந்து குடியிருப்பை மாற்றியமைத்தால் பாதித் துன்பம் தீரும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேயே உதித்தது. 1925-இல் அமெரிக்கா சென்ற அவருக்கு, அந்த எண்ணத்தைப் பூரணமாகப் பரீட்சிக்க வாய்த்த இடம் ஹட்சன்.

ஹெலன் ஹால் ஜென்னிங்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளரின் துணையோடு, அவர் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு கேள்வியை வைத்தார்: நிர்வாகத்தார் சொன்ன இல்லத்தில் இப்போது வாழ்கிறாய், உன் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம் என்றால் யார் யாருடன் ஓர் இல்லத்தில் வாழ விரும்புவாய்? ஐந்து பேர் வரையில் எழுதலாம். கேள்வி எளியதுதான், அதனோடு அவர் சேர்த்த நிபந்தனையே என் மதிப்பில் அவருடைய மேதையைக் காட்டுவது. பதில் எழுதுகிறவருக்கு அப்பதிலால் வாழ்க்கையில் ஒரு மாறுதல் விளைய வேண்டும், விளையாதென்றால் கேட்பதே கூடாது என்று அவர் வற்புறுத்தினார். அதன்படி, புதிதாக வருகின்ற பெண்களும் காப்பாளம்மையரும் ஓரிடத்தில் கூடிப் பேசிப் பழகிய பிறகு, இரு தரப்பாரும் தத்தம் விருப்பத்தை எழுதிக் கொடுக்க, அவ்விருப்பங்கள் பொருந்துகிற இல்லத்திலேயே ஒருத்தியைச் சேர்க்கும் முறை அங்கே அனுஷ்டானத்துக்கு வந்தது. தன் சம்மதத்தை எவருமே கேட்டிராத ஒரு சிறுமியிடம், அரசாங்கத்தின் காவலிலேயே ஒருவர் வந்து, உனக்கு யார் வேண்டும் என்று கேட்டது அக்காலத்தில் சாமானியமான காரியமன்று.

பதில்களை அவர் படமாக வரைந்தார். ஆளுக்கு ஒரு சிறு வட்டம். விருப்பத்துக்குச் சிவப்புக் கோடு, வெறுப்புக்குக் கறுப்புக் கோடு. புரூக்ளினில் ஒரு பள்ளியின் வகுப்புகளையும் இவ்வாறே வரைந்தபோது, சிறுவருக்கு முக்கோணமும் சிறுமியருக்கு வட்டமும் இட்டார். சின்ன வகுப்புகளில் இரு பாலாருக்கும் இடையே தாராளமாக ஓடிய கோடுகள், நான்காம் வகுப்பை எட்டும்போது ஏறக்குறைய அற்றுப்போவதைப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் உணர முடிந்தது. 1933 ஏப்ரலில் இப்படங்கள் நியூயார்க் வைத்தியர் மகாநாடு ஒன்றில் பார்வைக்கு வைக்கப்பட்டு, பத்திரிகைகளில் பிரஸ்தாபம் பெற்றன. மறு ஆண்டில் அவருடைய பெருநூல் வெளிவந்தது. இன்றைய வலைப்பின்னல் ஆராய்ச்சியின் படங்கள் அனைத்தும் இவற்றின் சந்ததியே.

இப்படங்களின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். ஹட்சனில் கறுப்பினப் பெண்களுக்குத் தனி இல்லங்கள். பிற்காலத்தில் உலகம் போற்றிய பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், 1933-இல் பதினாறாவது வயதை எட்டும் சமயத்தில் அங்கே அனுப்பப்பட்டவர். அப்பள்ளியின் பாடற்குழுவிலே வெள்ளையருக்கு மட்டுமே இடமிருந்ததால், அந்தக் குரலுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. யாரை விரும்புகிறாய் என்று கேட்பது பெரிய தர்மம். ஆயினும் விருப்பம் போக முடியாதபடி முன்கூட்டியே எழுப்பப்பட்ட சுவரை அந்தக் கேள்வி தகர்த்துவிடவில்லை.

ஏறக்குறைய அதே சமயத்தில், சிக்காகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் வேறொரு முறை பிறந்தது. தொலைபேசி இணைப்பகங்களுக்குக் கம்பி பிணைக்கும் வேலையில் ஈடுபட்ட 14 ஆண்களைத் தனி அறையொன்றில் அமர்த்தி, 1931 நவம்பர் முதல் 1932 மே வரையில் ஓர் ஆராய்ச்சியாளர் மூலையில் உட்கார்ந்து பார்த்து எழுதினார். யார் யாருக்குக் கை கொடுத்தார், யார் யாருடன் வேலையை மாற்றிக்கொண்டார், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று யாருக்கும் யாருக்கும் சச்சரவு என்பன தனித்தனிப் படங்களாயின. அளவுக்கு மேல் வேகமாக உழைத்தவனுடைய புஜத்தில் சகாக்கள் ஒரு குத்து விட்டு வேகத்தைத் தணித்தார்கள் என்பதும், நாளொன்றுக்கு இவ்வளவு வேலைதான் என்ற எல்லையை முதலாளிக்குத் தெரியாமல் அவர்களே வகுத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் ஏட்டில் ஏறின. வடக்கு ஆஸ்திரேலியாவின் பழங்குடிகளிடையே வாழ்ந்து ஆராய்ந்த லாயிட் வார்னர் இப்பணிக்கு ஆலோசனை கூறியவர்.

கேட்பது, பார்ப்பது என்ற இரண்டோடு, தொடர்பின் அமைப்பை ஆராய்ச்சியாளரே சிருஷ்டித்துப் பார்ப்பது என்ற மூன்றாவது முறை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கர்ட் லெவின் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தின் வழியில் வந்தது. அவருடைய மாணாக்கர் அலெக்ஸ் பாவெலஸ் வகுத்த முறையைக் கொண்டு ஹரால்ட் லீவிட் நடத்தி 1951-இல் வெளியிட்ட பரிசோதனை பிரசித்தமானது. ஐவர் ஒரு வட்டமேசையைச் சுற்றி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி தடுப்புகளுக்குள் அமர்வார்கள், தடுப்பிலுள்ள துவாரங்களின் வழியாகச் சீட்டு அனுப்பலாம், பேச்சில்லை. ஐவருடைய அட்டைகளுக்கும் பொதுவாக உள்ள சின்னம் எது என்று கண்டுபிடிப்பதே வேலை. எல்லாச் சீட்டும் நடுவிலுள்ள ஒருவரிடம் போய்த் திரும்பும் சக்கர அமைப்பில் வேலை விரைவாகவும் பிழை குறைவாகவும் முடிந்தது. பக்கத்திலுள்ள இருவருக்கே எவரும் எழுதக்கூடிய வளைய அமைப்பிலோ வேலை மெதுவாகவும் குழப்பமாகவும் நடந்தது. ஆனால் முடிவில் மகிழ்ச்சியோடு எழுந்தவர்கள் வளையத்தில் இருந்தவர்களே. சக்கரத்தின் நடுவில் இருந்தவர் திருப்தியடைய, ஓரத்து நால்வரும் சலித்துப் போயினர்.

இத்தோடு நின்றிருந்தால், அதிகாரம் ஓரிடத்தில் குவிவதே திறமைக்கு வழி என்ற சித்தாந்தத்துக்கு அது ஓர் ஆதாரமாகப் போயிருக்கும். அதே கழகத்தில் அடுத்து நடந்த பரிசோதனைகள் வேறு கதை சொல்லின. சின்னங்களுக்குப் பதிலாகக் கோலிக்குண்டுகள் கொடுக்கப்பட்டன. சிவப்பு, பச்சை என்று பெயர் சொல்லக்கூடிய குண்டுகள் இருந்த வரையில் எந்த அமைப்பிலும் இடர்ப்பாடு இல்லை. பிறகு, கலங்கலான நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, இன்ன நிறமென்று எவராலும் துணிந்து சொல்ல முடியாத குண்டுகள் வந்து சேர்ந்தபோது, ஒருவர் சாம்பல் என்றதை மற்றொருவர் நீலம் என்று எழுத, எல்லா அமைப்பிலும் பிழைகள் மலிந்தன. வளையத்தில் இருந்தவர்கள் நாளடைவில் தங்களுக்குள் பொதுவான பெயர்களை உண்டாக்கிக்கொண்டு பிழையைக் குறைத்தார்கள். சக்கரத்தில் இருந்தவர்களோ அவ்வாறு தேறவில்லை. பழகிய வேலைக்கு ஒரு தலைவர் போதும் என்பதையும், புதிய குழப்பத்தைத் தீர்க்கப் பலர் கலந்து பேச இடம் வேண்டும் என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டிய பரிசோதனை பிறிதொன்றை நான் அறியேன்.

இந்த ஆராய்ச்சிக்கு நம் தேசத்திலும் ஒரு களம் உண்டு. லண்டனிலிருந்த டவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், 1953-இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் நெசவுக்கூடத்தில், தானியங்கித் தறிகளைத் துண்டுதுண்டாகப் பிரிந்த வேலைகளாக நடத்துவதை விட்டு, சிறு குழுக்களின் பொறுப்பில் விடலாம் என்று யோசனை கூறினார். தொழிலாளரே அந்த யோசனையைத் தம்முடையதாக ஏற்று, ஒருவரையொருவர் தேர்ந்து குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். 1958-இல் வெளிவந்த அவருடைய நூலில் இவ்வரலாறு விவரமாக உள்ளது. ஹட்சனில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒரு தொழிற்கூடம் தானாகவே தந்த விடை என்று இதைக் கொள்ளலாம்.

கணினி புகுந்தபின் நிலைமை அடியோடு மாறிற்று. நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகத்தில் மர்ரே டுராஃப் 1976-இல் நிறுவிய மின்னணுத் தகவல் பரிமாற்ற அமைப்பைக் கொண்டு, தூர ஊர்களிலுள்ள ஆராய்ச்சியாளர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். 1978-இல் வலைப்பின்னல் ஆராய்ச்சியாளரே அதில் சேர்ந்து, தம்மையே பரிசோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள். லின்டன் ஃப்ரீமன், சூ ஃப்ரீமன் ஆகியோர், அவர்களில் 32 பேர் எவர் எவருக்கு எத்தனை செய்தி எழுதினர் என்ற கணக்கை ஆராய்ந்தனர். அந்தக் கணக்கை எவரும் கேட்டு வாங்கவில்லை, எவரும் உட்கார்ந்து பார்த்து எழுதவுமில்லை. இயந்திரம் தானே எழுதி வைத்திருந்தது.

இதே ஆண்டுகளில் ரஸ்ஸல் பெர்னார்ட் என்ற மானிடவியலாரும், பீட்டர் கில்வர்த் என்ற கடலாராய்ச்சியாளரும் ஒரு சங்கடமான சந்தேகத்தை எழுப்பினார்கள். தொலைத்தட்டச்சு வழியாக உரையாடிய செவிகேளாதோர், வானொலி வழியாகப் பேசிக்கொண்ட ஆர்வலர் முதலியோரிடம், யாருடன் எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டு, பதிலை உண்மைப் பதிவோடு ஒப்பிட்டார்கள். சொன்னதில் ஏறக்குறைய பாதி தவறு! கேள்வியையே அஸ்திவாரமாகக் கொண்டு நாற்பது ஆண்டுகளாக எழும்பிய கட்டடம் ஆட்டங் கண்டது. மனிதரைக் கேட்பதை இனி விட்டுவிட்டு, இயந்திரப் பதிவையே நம்பலாம் என்ற அபிப்பிராயம் பலருக்கு உண்டாயிற்று.

அதற்கு 1987-இல் வந்த மறுமொழியை நான் மிகவும் மதிக்கிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் தொடர்ந்து நடந்த சொற்பொழிவுக் கூட்டங்களுக்கு வந்தவர்களிடம், குறிப்பிட்ட ஒரு நாள் யார் யார் வந்திருந்தார்கள் என்று லின்டன் ஃப்ரீமனும் அவருடைய தோழர்களும் கேட்டனர். தவறுகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் எப்போதும் வருகிறவர் அன்று வராதிருந்தால், வந்ததாகச் சொன்னார்கள். எப்போதாவது வருகிறவர் அன்று வந்திருந்தால், மறந்துபோனார்கள். அந்த ஒரு நாளைப் பிழையாகச் சொன்னவர்கள், நெடுங்கால வழக்கத்தைச் சரியாகச் சொன்னார்கள். இயந்திரம் நிகழ்ச்சியை அறியும். உறவை அறிந்து தன் உள்ளத்தில் தேக்கி வைத்திருப்பவர் மனிதர்.

பிற்காலத்தில் மாசசூசெட்ஸ் கழகத்தில் அலெக்ஸ் பென்ட்லாண்டின் குழுவினர், மார்பில் அணிந்துகொண்டால் யார் எப்போது பேசுகிறார் என்பதைத் தானே குறித்துக்கொள்ளும் வில்லைகளைச் செய்து, மொரேனோ தம் சாஸ்திரத்துக்கு இட்ட ‘சோஷியோமெட்ரி’ என்ற பெயரின் வழியிலேயே அவற்றுக்கும் பெயரிட்டார்கள். அனிதா வுல்லி முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இவ்வில்லைகளுக்கும் பங்குண்டு. சிறு குழுக்களாகப் பிரிந்த 699 பேரை ஆராய்ந்த அவர்கள், குழுவின் திறமை அதிலுள்ள மேதாவியைக் காட்டிலும், பிறர் மனத்தை முகத்தில் படிக்கும் ஆற்றலையும், பேசும் வாய்ப்பு எல்லோருக்கும் பரவியிருப்பதையும் சார்ந்ததென்று கண்டார்கள். வில்லை அணிந்தவர்கள் அறிந்தே அணிந்தார்கள்.

அறியாமலே ஆராயப்படும் காலமும் வந்தது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் பயன்படுத்துவோரில் 6,89,003 பேருக்குக் காட்டப்படும் செய்திகளில், சிலருக்கு மகிழ்ச்சியானவற்றையும் சிலருக்கு வருத்தமானவற்றையும் குறைத்து, அவர்கள் எழுதும் சொற்களின் போக்கு மாறுகிறதா என்று ஆராய்ச்சியாளர் பார்த்தார்கள். மாறுதல் மிகச் சிறியதே. அத்தனை பேரில் ஒருவரிடமும் தனியே சம்மதம் கேட்கவில்லை. தளத்தில் சேரும்போது ஒப்புக்கொண்ட பொது விதிகளே போதுமென்று கொள்ளப்பட்டது. 500 பெண்களின் மனத்தை அறிய ஒவ்வொருத்தியையும் கேட்டு, கேட்டதற்கு ஈடாக அவளுடைய இல்லத்தையே மாற்றித் தரவும் கடமைப்பட்ட ஒரு சாஸ்திரம், எண்பது ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறது. இப்பரிசோதனையைப் பற்றிய கட்டுரையை 2014-இல் வெளியிட்ட அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஏடு, சில வாரங்களுக்குள்ளாகவே, தகவல் திரட்டிய முறை அறிந்து தரும் சம்மதத்தைப் பெறுதல், விலகிக்கொள்ள இடமளித்தல் என்ற நெறிகளோடு முற்றிலும் பொருந்தாமல் இருந்திருக்கலாம் என்று தன் கவலையைத் தனிக் குறிப்பாக வெளியிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை.