பள்ளிச் சீரமைப்பு மாநாடு

பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்பது அன்றைய சென்னை மாநிலத்தில் (இன்றைய தமிழ்நாடு) 1958 ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்ட வட்டார அளவிலான கல்வி மாநாடு ஆகும். ஒரு வட்டாரத்திலுள்ள பள்ளிகளின் குறைகளை அரசும் ஆசிரியர்களும் ஊர்மக்களும் சேர்ந்து தீர்ப்பதும், அவ்வாறு நிறைவேறிய பணிகளை எல்லோரும் கூடிக் கொண்டாடுவதும் இதன் நோக்கங்களாகும். முதல் மாநாடு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் நடைபெற்றது. இவ்வூர் தற்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. கு. காமராசர் முதலமைச்சராகவும் சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும் இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றிய நெ. து. சுந்தரவடிவேலு இவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினார்.

பின்னணி

1953 ஆம் ஆண்டு இராசகோபாலாச்சாரி அரசு கொண்டுவந்த அரைநாள் தொடக்கக் கல்வித் திட்டம், "குலக்கல்வித் திட்டம்" என்று கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அதன்பின் பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளி திறப்பது அரசின் முதன்மைப் பணிகளுள் ஒன்றானது. புதிய பள்ளிகளுள் பல ஓராசிரியர் பள்ளிகள்.

பள்ளி திறப்பதற்கு ஓர் அரசாணையும் ஓர் ஆசிரியரும் போதும். ஆனால் கட்டடம், கரும்பலகை, குடிநீர்ப் பானை, அமர்வதற்குப் பலகை ஆகியவற்றுக்கு அரசின் நிதி போதவில்லை. கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி, வீட்டுத் திண்ணை ஆகிய இடங்களில் வகுப்புகள் நடந்தன. மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை என்பதே பல ஊர்களின் நிலை.

பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் பசி மற்றொரு தடையாக இருந்தது. சென்னை மாநகராட்சி 1920 ஆம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் மதிய உணவு வழங்க முடிவெடுத்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட வேண்டும் என்பது அன்றைய வரையறை. மாநில அளவிலான மதிய உணவுத் திட்டம் 1956 ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் இது முற்றிலும் ஊர்மக்களின் கொடையால் நடந்தது. பின்னர் அரசு பங்களிக்க முன்வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊரும் ஏற்றன. சமைப்பதும் பரிமாறுவதும் ஊராரின் பொறுப்பில் இருந்தன.

அரசும் ஊரும் பங்கிட்டுக்கொள்ளும் இம்முறை உணவில் பயன் தரவே, பள்ளியின் பிற தேவைகளுக்கும் அதனை விரிவாக்கும் எண்ணம் எழுந்தது. அதன் வடிவமே பள்ளிச் சீரமைப்பு இயக்கமாகும்.

நெ. து. சுந்தரவடிவேலு

நெ. து. சுந்தரவடிவேலு (1912 - 1993) செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். இவ்வூர் தற்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. கல்வித்துறையில் ஆய்வாளர் பணியிலிருந்து படிப்படியாக உயர்ந்து துறையின் தலைமைப் பொறுப்பை அடைந்தார். மதிய உணவுத் திட்டம், சீருடை, பள்ளிச் சீரமைப்பு ஆகிய மூன்றிலும் இவருடைய பங்கு பெரிது. 1961 ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். தம் பணிக்கால நிகழ்வுகளை "நினைவு அலைகள்" என்னும் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

நடைமுறை

மாநாடு என்பது ஒருநாள் நிகழ்ச்சியாக இருந்தாலும், அதற்கான பணி பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியது. பொதுவான நடைமுறை பின்வருமாறு அமைந்தது:

* ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்ற சிறு பணியும் வகுப்பறை கட்டுவது போன்ற பெரும் பணியும் அதில் இடம்பெற்றன.
* ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் அப்பட்டியலுடன் வீடு வீடாகச் சென்றனர். பணம் உள்ளவர் பணமும், நிலம் உள்ளவர் நிலமும், மரம் உள்ளவர் மரமும், கைத்தொழில் தெரிந்தவர் உழைப்பும் தந்தனர்.
* கல்வி ஆய்வாளர்கள் அவ்வட்டாரப் பள்ளிகளின் கணக்கைத் தொகுத்தனர். நிறைவேறியவை, ஏற்றுக்கொள்ளப்பட்டவை என இரு வகையாக அவை பிரிக்கப்பட்டன.
* குறித்த நாளில் வட்டாரத்தின் பள்ளிகள் ஓரிடத்தில் கூடின. கொடையாகப் பெற்ற பொருள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அமைச்சர்களும் உயர் அலுவலர்களும் கலந்துகொண்டனர். கொடையாளர்கள் மேடையில் சிறப்பிக்கப்பட்டனர்.

கொடைகளில் வகுப்பறை, விளையாட்டுத் திடல், பள்ளித் தோட்டம், நாற்காலி, மேசை, நிலப்படம், கடிகாரம், அறிவியல் கருவி, நூலக நூல், சமையல் பாத்திரம், தட்டு, குவளை, ஏழை மாணவருக்கான சீருடை முதலியன அடங்கும்.

சீருடை இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. கிழிந்த ஆடையுடன் வரும் பிள்ளையும் நல்லாடை உடுத்தி வரும் பிள்ளையும் ஒரே வரிசையில் அமரும்போது, வறுமையும் சாதி வேறுபாடும் கண்ணுக்குத் தெரிந்தன. எல்லோருக்கும் ஒரே நிற ஆடை என்பது அவ்வேறுபாட்டை வகுப்பறைக்குள்ளாவது மறைக்க உதவியது. ஊர்க் கொடையால் தொடங்கிய இம்முயற்சி பிற்காலத்தில் அரசுத் திட்டமானது. 1985 ஆம் ஆண்டு முதல் சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு அரசே விலையின்றிச் சீருடை வழங்கத் தொடங்கியது.

திருவள்ளூர் மாவட்டத் தொடர்பு

கடம்பத்தூர், சென்னை - அரக்கோணம் தொடருந்துப் பாதையில் திருவள்ளூருக்கு மேற்கே அமைந்துள்ளது. 1997 ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இது புதிய திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களுள் கடம்பத்தூரும் ஆர். கே. பேட்டையும் அடங்கும்.

கடம்பத்தூரில் முதல் மாநாடு நடைபெற்ற காலத்தில், இன்றைய மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியான திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர். கே. பேட்டை ஆகியவை ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின்னர், படாசுகர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று இப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. எனவே நெசவுத் தொழிலும் தெலுங்கு பேசும் மக்களும் மிகுந்த ஆர். கே. பேட்டைப் பகுதிப் பள்ளிகள், இயக்கம் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே சென்னை மாநிலக் கல்வித்துறையின் கீழ் வந்தன.

பயன்கள்

மாநாடுகள் பிற மாவட்டங்களுக்கும் பரவின. அவை பள்ளிகளுக்குப் பொருள்களைப் பெற்றுத் தந்ததுடன், பள்ளியைப் பற்றிய ஊராரின் எண்ணத்தையும் மாற்றின. பள்ளிக்கூடம் "சர்க்கார் சொத்து" என்ற நிலை மாறி "எங்கள் ஊர்ப் பள்ளி" என்ற உரிமையுணர்வு தோன்றியது. தம் கையால் பலகை செய்து கொடுத்த தச்சரும், ஒரு மூட்டை நெல் அளந்த உழவரும் தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடப்பாட்டையும் உணர்ந்தனர். ஆசிரியர்கள் ஊராருடன் நெருங்கிப் பழகவும் இது வழிவகுத்தது. இந்திய அளவில் 1964 - 66 இல் செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழுவும் பள்ளி மேம்பாட்டில் மக்கள் பங்கேற்பை வலியுறுத்தியது.

குறைகள்

கொடையை அடிப்படையாகக் கொண்ட எந்த ஏற்பாட்டுக்கும் உள்ள எல்லைகள் இதற்கும் இருந்தன.

* விளைச்சல் மிக்க ஊர் மிகுதியாகத் தர இயலும். வறண்ட ஊரால் அவ்வாறு தர இயலாது. ஆனால் வறண்ட ஊரின் பள்ளிக்கே தேவை மிகுதி.
* கட்டடம் ஒருமுறை தரும் கொடை. பழுது பார்ப்பதும் உணவும் ஆண்டுதோறும் தொடரும் செலவு. மழை பொய்த்த ஆண்டில் ஊரின் பங்கு குறைந்தால் பிள்ளைகளின் தட்டும் குறையும்.
* மேடையில் கொடையாளருக்கு இடம் இருந்தது. கொடுக்க ஒன்றுமில்லாத பெற்றோர் கூட்டத்தில் அமர்ந்திருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்காகவே மாநாடு கூடியபோதும், பள்ளியைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்கு உறுதியான இடம் இல்லை.

இக்குறைகளுள் இரண்டாவது, உணவைப் பொறுத்தவரை அரசுப் பொறுப்பின் மூலம் தீர்க்கப்பட்டது. 1961 முதல் கேர் நிறுவனம் உணவுப் பொருள் தந்து உதவியது. 1982 சூலை 1 அன்று ம. கோ. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஊரகப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984 இல் பத்தாம் வகுப்பு வரையிலும் விரிந்தது. ஊரின் நான்கு காசுப் பங்கு இத்துடன் தேவையற்றதானது.

பிற்கால வடிவங்கள்

மாநாட்டு முறையின் கூறுகள் பிற்காலத்தில் வெவ்வேறு வடிவங்களில் தொடர்கின்றன.

பள்ளி மேலாண்மைக் குழு: 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009), அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இக்குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம் உண்டு. மாநாட்டில் கூட்டத்தில் அமர்ந்திருந்த பெற்றோருக்குச் சட்டப்படி ஓர் இருக்கை கிடைத்தது இதன் முதன்மை வேறுபாடாகும்.

கல்விச் சீர்: திருமண வீட்டுக்குச் சீர்வரிசை கொண்டுசெல்வது போல, ஊர்மக்கள் நாற்காலி, மின்விசிறி, பீரோ, எழுதுபொருள் முதலியவற்றை மேளதாளத்துடன் ஊர்வலமாகப் பள்ளிக்கு எடுத்துச்சென்று வழங்கும் விழா. அரசுப் பள்ளிகள் பலவற்றில் இது நடத்தப்படுகிறது.

நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி: முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள், வெளிநாடுவாழ் தமிழர் ஆகியோரின் நன்கொடையை அரசுப் பள்ளிகளுக்குப் பெறுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2022 திசம்பரில் தொடங்கிய திட்டம்.

கல்வி வளர்ச்சி நாள்: காமராசரின் பிறந்தநாளான சூலை 15, 2006 ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் இப்பெயரில் கொண்டாடப்படுகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டின் கல்வி வளர்ச்சி நாளன்று அது ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அத்தொடக்க விழா நடைபெற்ற கீழச்சேரி, முதல் மாநாடு கண்ட கடம்பத்தூர் அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்து ஊராகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கு. காமராசர்
* நெ. து. சுந்தரவடிவேலு
* மதிய உணவுத் திட்டம்
* கடம்பத்தூர் ஊராட்சி ஒன்றியம்
* ஆர். கே. பேட்டை ஊராட்சி ஒன்றியம்