அனலாக் உள்ளீட்டு மாட்யூல்

தொழிற்சாலைகளில் வெப்பநிலை, அழுத்தம், திரவ மட்டம் போன்றவற்றை அளக்கும் கருவிகள் அனுப்பும் தொடர் மின்சைகையை, பிஎல்சி அல்லது டிசிஎஸ் எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி படிக்கக்கூடிய எண்ணாக மாற்றித் தரும் மின்னணு அட்டை.

அதிகம் புழங்கும் சைகை 4–20 மில்லி ஆம்பியர். காரணம், மின்னழுத்தம் நீண்ட கம்பியில் குறைந்துவிடும். மின்னோட்டமோ சுற்று முழுவதும் ஒன்றே. தொடக்கம் 0 அல்ல, 4 என்பதில்தான் இதன் சாமர்த்தியம்: கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும், 'அழுத்தம் இல்லை' என்று யாரும் ஏமாற மாட்டார்கள். பொதுவாக 3.6-க்குக் கீழும் 21-க்கு மேலும் பழுது என்றே கொள்வார்கள்.

சீமென்ஸ் எஸ்7 பிஎல்சி வரிசையில் 4 மில்லி ஆம்பியர் 0 ஆகவும், 20 என்பது 27648 ஆகவும் பதிவாகும். 0–10 பார் அழுத்தம் அளக்கும் கருவி (டிரான்ஸ்மிட்டர்) 12 மில்லி ஆம்பியர் அனுப்பினால் எண் 13824. அதாவது 5 பார்.

16 பிட் அட்டை 65,536 படிகளைக் காட்டலாம். அதைத் துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது. மின்னிரைச்சலே பல படிகளை விழுங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை நீக்க, ஒரு முழுச் சுழற்சியான 20 மில்லி விநாடிக்குச் சைகையைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள்.

வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் சைகை மிகச் சிறியது. கே வகையில் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான். அதற்குக் குளிர்முனை ஈடுசெய்தல், அதாவது கம்பி இணையும் முனையின் வெப்பநிலையையும் கணக்கில் சேர்க்கும் வசதி, உள்ள மாட்யூல் வேண்டும்.