நாயோட சைக்கிளிங் போறீங்களா? லீஷை ஹேண்டில்பார்ல கட்டாதீங்க!

ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் லீஷ், பக்கத்திலேயே குஷியா ஓடிவரும் லாப்ரடார். ரீல்ஸ்ல பார்க்க செம அழகா இருக்கும். ஆனா, அதே நேரம் ஒரு பூனை குறுக்கே ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 30 கிலோ நாய் ஒரே பாய்ச்சல்ல திரும்பும். அதோட சேர்ந்து ஹேண்டில்பாரும் திரும்பும். நீங்க ரோட்ல கிடப்பீங்க.

அதுக்காக இது வேண்டாத வேலைன்னு அர்த்தமில்லை. நாம நடக்கிற வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். துறுதுறுன்னு இருக்கிற ஒரு நாட்டு நாய்க்கு அதெல்லாம் ஒரு நடையே இல்ல. அபார்ட்மென்ட்ல நாள் முழுக்க அடைஞ்சு கிடந்து, செருப்பையும் சோபாவையும் கடிச்சுத் துப்புற நாய்க்கு, வாரத்துல 2, 3 நாள் சைக்கிளோட ஓடுறது நல்ல வடிகால். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல இருக்கணும். களைச்சுப்போனா நீங்க பெடலை நிறுத்திடுவீங்க. நாய் நிறுத்தாது. நீங்க போறீங்கன்னா அதுவும் வரும், சுருண்டு விழுற வரைக்கும்.

எந்த நாய் ஓடலாம்?

முதல் கேள்வி வயசு. குட்டியோட எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி மூடுற வரைக்கும் தார் ரோட்ல தொடர்ந்து ஓடவிடக் கூடாது. சின்ன, நடுத்தர இனங்களுக்கு சுமார் ஒரு வயசு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம் மாதிரி பெரிய நாய்களுக்கு ஒன்றரை வயசு வரைக்கும் காத்திருக்கிறது நல்லது.

பக், ஷிட்ஸு, புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இந்த வேலையே வேண்டாம். சும்மா நடந்தாலே அதுங்களுக்கு மூச்சு வாங்கும். டாஷ்ஹண்டுக்கு நீள முதுகு, குட்டைக் கால், அதுவும் வேண்டாம். ஆசையா இருந்தா கூடையில உட்கார வெச்சு கூட்டிட்டுப் போங்க. ஹஸ்கி வெச்சிருக்கவங்க, 'பனியில வண்டி இழுக்கிற நாய்தானே'ன்னு ஆரம்பிப்பாங்க. பனியிலதான் இழுக்கும், சென்னை வெயில்ல இல்ல.

நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள். வேகம் ரத்தத்துலேயே இருக்கு. ஆனா, கண்ணுக்கு முன்னாடி எது அசைஞ்சாலும் பாயுற குணமும் அதே ரத்தத்துல இருக்கு. பயிற்சி இல்லாம இதுங்களை சைக்கிள் பக்கத்தில் ஓடவிடுறது ரிஸ்க். ராஜபாளையம்னா இன்னொண்ணு கவனிங்க: இந்த இனத்துல காது கேட்காத நாய்கள் கொஞ்சம் அதிகம். ஹாரன் சத்தமும் உங்க குரலும் கேட்காத நாயை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது.

குண்டான நாய், வயசான நாய், இடுப்பு மூட்டுப் பிரச்னை இருக்கிற நாய்னா முதல்ல வெட்டர்னரி டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க.

எங்கே கட்டணும், எந்தப் பக்கம் ஓடணும்?

கழுத்துல காலர் போட்டு இழுத்தா அழுத்தம் முழுக்க தொண்டையில விழும். அதனால மார்பை அணைச்சு, முன்னங்கால் ஃப்ரீயா அசையுற மாதிரி தைச்ச ஹார்னஸ்தான் வேணும். லீஷை ஹேண்டில்பார்லயும் கட்டக் கூடாது, மணிக்கட்டுலயும் சுத்தக் கூடாது. சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியிலோ, பின்சக்கரத்தோட அச்சுலயோ மாட்டுற ஸ்பிரிங் வெச்ச கம்பிகள் ஆன்லைன்ல கிடைக்குது. நாய் திடீர்னு இழுத்தா ஸ்பிரிங் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கும். இழுப்பு தாழ்வா விழுறதால சைக்கிளும் சட்டுனு சாயாது. நாய் சக்கரத்துக்குள்ள வராம தள்ளியும் நிறுத்தும்.

யூடியூப்ல இருக்கிற வெளிநாட்டு வீடியோ பலதுல நாய் வலது பக்கம் ஓடும். அங்கே வண்டிகள் வலது ஓரமா போகும், அதனால அது சரி. நமக்கு இடது. நாய் உங்களுக்கு இடது பக்கம், ரோட்டோரமா வரணும். செயினும் பல்சக்கரமும் வலது பக்கம் இருக்கிறதால வாலும் காலும் தப்பிக்கும்.

'கம்பியெல்லாம் எதுக்கு, இடது கையில லீஷைப் பிடிச்சுக்கிறேன்'னு சிலர் சொல்வாங்க. அப்போ பிரேக் பிடிக்க வலது கை மட்டும்தான் மிச்சம். நம்ம ஊர்ல பல சைக்கிள்கள்ல வலது பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. அதை மட்டும் அழுத்திப் பிடிச்சா தலைகுப்புற விழ வாய்ப்பு இருக்கு. கம்பி வாங்க முடியலைன்னா சைக்கிளை விட்டுட்டு கூடவே ஜாகிங் போயிடலாம்.

ஸ்கூட்டர்ல உட்கார்ந்துக்கிட்டு நாயை ஓடவிடுறவங்களையும் அப்பப்போ பார்க்கிறோம். ஆக்ஸிலரேட்டரை முறுக்குறவருக்கு நாயோட வேகம் எப்படிப் புரியும்? விலங்கை அளவுக்கு மீறி ஓட்டுறது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

முதல் வாரம் ஏறவே ஏறாதீங்க

சைக்கிளை வீட்டு வாசல்ல நிறுத்தி நாயை மோந்து பார்க்க விடுங்க. அடுத்து நீங்க சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடங்க, நாய் இடது பக்கம் வரட்டும். 'மெதுவா', 'நில்லு', 'விடு'ங்கிற மூணு வார்த்தையும் இப்பவே பழகணும். நீங்க எந்த மொழியில சொன்னாலும் சரி, வீட்ல எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லணும். இதெல்லாம் படிஞ்ச பிறகு காலி கிரவுண்டுல ஏறி ஓட்டுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் நடக்க வைங்க. தசை சூடாகும், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் முடிச்சுக்கும். இல்லைன்னா சைக்கிள் போய்க்கிட்டிருக்கும்போதே கம்பத்தைப் பார்த்துட்டு சடன் பிரேக் போட்டுடும். வயிறு நிறைய சாப்பிட்ட உடனே ஓடவிடாதீங்க. மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து உண்டு. அது உயிரையே எடுத்துடும்.

வேகத்தை நாயோட கால்தான் முடிவு பண்ணணும். குறுக்குக் கால்கள் ஜோடியா, தாளம் மாறாம விழுற ஓட்டம்தான் சரியானது. குதிச்சுக் குதிச்சுப் பாய ஆரம்பிச்சா நீங்க ரொம்ப வேகமா போறீங்கன்னு அர்த்தம். ஜெர்மனியில் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஒரு தாங்குதிறன் தேர்வு இருக்கு. சைக்கிள் பக்கத்தில் 20 கிலோமீட்டர் ஓடணும், நடுவுல ஓய்வு உண்டு. அதுலேயே வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர்தான். அது பல மாசம் பழகின நாய். உங்க நாய்க்கு ஆரம்பத்துல ஒரு கிலோமீட்டரே ஜாஸ்தி.

வெயில்தான் வில்லன்

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும், சைக்கிள்ல போனா காத்தும் அடிக்கும். அதனால சூடு தெரியாது. நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர வைக்கணும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்கள்ல காத்துலயே ஈரம் ஜாஸ்தி. நாக்கு ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. தெர்மாமீட்டர் 30 டிகிரிதான் காட்டுதுன்னு நம்பிப் போகாதீங்க.

விடியக்காலையில போங்க. சாயங்காலம் வெயில் இறங்கினாலும் தார் சூடு இறங்காது. புறங்கையை ரோட்ல 7 செகண்ட் வெச்சுப் பாருங்க. வைக்க முடியலைன்னா அன்னிக்கு லீவு. மழை நாள்லயும் லீவுதான். தேங்கின தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், பள்ளமும் தெரியாது.

நாக்கு அகலமா தொங்கி, எச்சில் கொழகொழன்னு ஆகி, ஈறு ரத்தச் சிவப்பா மாறி, நடை தள்ளாடினா அது ஹீட் ஸ்ட்ரோக். வெட்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி அங்கேயே நிழல்ல படுக்க வெச்சு உடம்பு முழுக்க தண்ணி ஊத்துங்க, விசிறுங்க. ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீங்க, சூடு உள்ளேயே தங்கிடும். மொட்டை மாடி டேங்க் தண்ணி கொதிச்சுக்கிட்டிருந்தா அதையும் ஊத்தாதீங்க. ஊத்தி முடிச்சதும் ஆட்டோ பிடிங்க. தெளிஞ்சு எழுந்துட்டாலும் டாக்டர் பார்த்தே ஆகணும், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகும் வெளிப்படலாம்.

தெரு நாய்கள் துரத்தினா?

ஒவ்வொரு தெருவும் யாரோ சில நாய்களோட ராஜ்ஜியம். உங்க நாய் ஓடி வந்தா அவங்க துரத்துவாங்க. வேகமா மிதிச்சுத் தப்பிக்கலாம்னு நினைச்சா துரத்தலும் வேகமாகும். இறங்குங்க. சைக்கிளை நடுவுல தடுப்பா வெச்சு, உங்க நாயைப் பின்னாடி நிறுத்தி, மெதுவா நடந்தே அந்தத் தெருவைக் கடங்க. வழக்கமா போற ரூட்டை முதல்ல நாய் இல்லாம தனியா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டா, எந்தத் திருப்பத்துல யார் படுத்திருக்காங்கன்னு தெரிஞ்சுடும்.

ரேபிஸ் தடுப்பூசி தேதி தவறாம போட்டிருக்கணும். உங்களையே கடிச்சுட்டா 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க. உங்க நாய்க்குக் கடி விழுந்தா, 'ஏற்கெனவே ஊசி போட்டாச்சே'ன்னு விட்டுடாம அதையும் வெட்கிட்ட காட்டி, மறுபடி ஊசி வேணுமான்னு கேளுங்க.

வீடு திரும்பினதும் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. நாலு பாதத்தையும் தூக்கிப் பார்த்து, விரல் இடுக்குல முள், கல், தேய்ஞ்ச தோல் இருக்கான்னு கவனிங்க. மறுநாள் காலையில படுத்த இடத்துலேர்ந்து எழுந்திருக்க யோசிச்சாலோ, நொண்டினாலோ ஓட்டத்தை நிறுத்துங்க. 2 நாள்ல சரியாகலைன்னா டாக்டரைப் பாருங்க.