மலிவு விலைச் சீன மடக்குக் கத்திகள்: தரத்தையும் நம்பகத்தன்மையையும் அறிவது எப்படி?

புதுதில்லி: கயிறு அறுப்பது, அட்டைப் பெட்டி பிரிப்பது, பழம் நறுக்குவது, மின்கம்பியின் உறையைச் சீவுவது போன்ற சிறு வேலைகளுக்கு மடக்குக் கத்தி பயன்படுகிறது. இந்தியாவில் இணையவழி விற்கப்படும் மடக்குக் கத்திகளில் பல சீனாவில் தயாரானவை. அவற்றின் விலை சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் ரூபாய் வரை செல்கிறது. படத்தில் பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே தோன்றினாலும், அவற்றில் ஒன்று பல ஆண்டுகள் உழைக்கலாம். மற்றொன்று வேலையின் நடுவே பூட்டு நழுவி, பிடித்திருப்பவரின் விரல்மீதே மடங்கலாம்.

'சீனப் பொருள்' என்ற அடையாளம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. மடக்குக் கத்தியின் தரத்தை நான்கு கூறுகள் தீர்மானிக்கின்றன. அலகுக்குப் பயன்பட்ட எஃகு, அந்த எஃகுக்கு அளிக்கப்பட்ட வெப்பப் பதப்படுத்தல், அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும் பூட்டு, குறை நேர்ந்தால் பொறுப்பேற்கும் நிறுவனம் ஆகியவையே அவை. இவற்றில் பெரும்பாலானவற்றை வாங்குவோர் தாமே சரிபார்க்க முடியும்.

ஒரே நகரம், பல தரங்கள்

சீனத்தின் கத்தித் தொழிலுக்கு மையமாக விளங்குவது குவாங்டாங் மாகாணத்தின் மேற்கிலுள்ள கடலோர நகரமான யாங்ஜியாங். எஃகு வணிகர்கள், வெப்பப் பதப்படுத்தும் கூடங்கள், சாணை பிடிக்கும் பட்டறைகள், திருகும் கைப்பிடியும் செய்வோர் என இத்தொழிலுக்குத் தேவையான அனைவரும் இங்கு அருகருகே இயங்குகின்றனர். ஒரு கத்திக்குரிய எல்லாப் பாகங்களும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைப்பதால் செலவு குறைகிறது. எனவே விலை குறைவு என்பதாலேயே தரமும் குறைவு என முடிவுகட்ட இயலாது.

கைசர், வீ நைஃப், சான்ரென்மு ஆகிய நிறுவனங்கள் இந்நகரைச் சேர்ந்தவை. வீ நைஃப் நிறுவனத்தின் மலிவு விலை வரிசையே 'சிவிவி'. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பைடர்கோ நிறுவனமும் தனது 'டெனேஷியஸ்' என்ற மடக்குக் கத்தியைச் சீனாவில்தான் தயாரிக்கச் செய்கிறது. அதே நாட்டிலிருந்துதான் பெயரில்லாத, முகவரியில்லாத மிக மலிவான கத்திகளும் உலகச் சந்தைக்கு வருகின்றன. கொள்முதல் செய்யும் நிறுவனம் எந்தத் தரத்தைக் கேட்கிறதோ, எவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கிறதோ, அதற்கேற்பவே தொழிற்கூடம் பொருளைத் தருகிறது.

எஃகின் பெயர் சொல்லும் செய்தி

நம்பகமான தயாரிப்பாளர்கள் அலகின் மீதோ பெட்டியின் மீதோ எஃகின் வகையைக் குறிப்பிடுவர். சீன எஃகுப் பெயர்களைப் படிப்பது எளிது. '8சிஆர்13எம்ஓவி' என்ற பெயரில் முதலில் வரும் 8 என்ற எண் ஏறத்தாழ 0.8 விழுக்காடு கார்பனையும், அடுத்து வரும் 13 என்ற எண் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியத்தையும் குறிக்கின்றன. இறுதி எழுத்துகள் மாலிப்டினம், வனேடியம் ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளதைக் காட்டுகின்றன. கார்பன் கடினத்தன்மையையும், குரோமியம் துருவை எதிர்க்கும் திறனையும் தருகின்றன.

இதன்படி '3சிஆர்13' எஃகில் கார்பன் 0.3 விழுக்காடு அளவிலேயே இருக்கும். இவ்வகை அலகு எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் கூர்மை விரைவில் மழுங்கும். '5சிஆர்15எம்ஓவி' சமையலறைக் கத்திகளில் பரவலாகக் காணப்படும் நடுத்தர வகை. '8சிஆர்13எம்ஓவி', '9சிஆர்18எம்ஓவி' ஆகியவை மலிவு விலை மடக்குக் கத்திகளில் ஏற்கத்தக்க தரமுடையவை. டெனேஷியஸ் கத்தி நெடுங்காலம் 8சிஆர்13எம்ஓவி எஃகிலேயே செய்யப்பட்டது.

இவற்றுக்கு அடுத்த நிலையில் 'டி2', '14சி28என்' ஆகிய இரண்டும் அடிக்கடி தென்படுகின்றன. டி2 எஃகில் கார்பன் ஏறத்தாழ 1.5 விழுக்காடும் குரோமியம் ஏறத்தாழ 12 விழுக்காடும் உள்ளன. கூர்மை நீண்ட நாள் நிற்கும். ஆனால் குரோமியத்தின் கணிசமான பகுதி கார்பனுடன் பிணைந்துவிடுவதால், இது முழுமையான துருவேறா எஃகு ஆகாது. கடற்கரையிலும் மழைக்காலத்திலும் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். 14சி28என், சுவீடனின் சாண்ட்விக் நிறுவனம் கத்திகளுக்கென உருவாக்கிய எஃகு. நைட்ரஜன் சேர்க்கப்பட்ட இவ்வகை துருவை நன்கு எதிர்க்கும். மீண்டும் கூர்தீட்டுவதும் எளிது.

'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஸ்டெயின்லெஸ்', 'ஜப்பானிய எஃகு' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் அதிலிருந்து எதையும் அறிய முடியாது. '440' என்று மட்டும் எழுதுவதும் அத்தகையதே. அந்தப் பெயரில் ஏ, பி, சி என மூன்று வகைகள் உண்டு. அவற்றின் கார்பன் அளவு ஏறத்தாழ 0.6 விழுக்காட்டிலிருந்து 1.2 விழுக்காடு வரை மாறுபடும். மிக மலிவான கத்திகளில் காணப்படும் 'டமாஸ்கஸ்' அலைக்கோலமும் பல நேரங்களில் லேசர் ஒளியால் மேற்பரப்பில் பொறிக்கப்பட்ட படம் மட்டுமே. உண்மையான டமாஸ்கஸ் அலகில் வெவ்வேறு எஃகுகள் அடுக்கடுக்காக இணைந்திருக்கும். மேற்பரப்பைத் தேய்த்து அமிலத்தில் நனைத்தால் கோலம் மீண்டும் தோன்றும்.

பெயரில் தெரியாத பதம்

ஒரே எஃகைக் கொண்டு நல்ல கத்தியும் செய்யலாம், மோசமான கத்தியும் செய்யலாம். வேறுபாட்டை உண்டாக்குவது வெப்பப் பதப்படுத்தல். அலகை ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி, விரைந்து குளிர்வித்து, பின்னர் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சூடாக்குவர். வெப்பமும் நேரமும் பிசகினால் அலகு மென்மையாகி மடங்கும். அல்லது மிகக் கடினமாகி உடையும்.

இதன் விளைவை அளக்கும் அலகு 'ராக்வெல் சி'. கூம்பு வடிவ வைர முனையை 150 கிலோகிராம் விசையில் அழுத்தி, அது பதியும் ஆழத்தைக் கணக்கிடுவர். 8சிஆர்13எம்ஓவி அலகுக்கு 57 முதல் 59 வரையும், டி2 அலகுக்கு 58 முதல் 61 வரையும் பொருத்தமான அளவுகள். இந்த எண்ணை வெளிப்படையாக அச்சிடும் நிறுவனம், எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க ஓர் உறுதியை அளிக்கிறது. கூர்மை எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அளக்க ஐஎஸ்ஓ 8442-5 என்ற பன்னாட்டுத் தரமுறை உள்ளது. அதன்படி இயந்திரம் ஒன்று சிலிக்கா கலந்த அட்டையை அலகால் மீண்டும் மீண்டும் வெட்டி, வெட்டுப்பட்ட மொத்த அளவைக் கணக்கிடும்.

கடினத்தன்மை கூடினால் உடையும் இயல்பும் கூடும் என்பதற்குச் சீனாவிலேயே நிகழ்ந்த ஒரு சர்ச்சை சான்றாகிறது. 1628-இல் தொடங்கப்பட்டதாகக் கூறும் ஹாங்சோ நகரின் ஜாங் சியாவோச்சுவான் நிறுவனத்தின் சமையலறைக் கத்தி, பூண்டு நசுக்கியபோது உடைந்ததாக 2022 ஜூலையில் வாடிக்கையாளர் ஒருவர் புகார் கூறினார். கத்தியால் பூண்டு நசுக்கக் கூடாது என்று நிறுவனத்தின் சேவைப் பிரிவு பதிலளித்தது. சீனச் சமையலறைகளில் நாள்தோறும் நடக்கும் வேலை அது என்பதால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனத் தலைமை மன்னிப்புக் கோர நேர்ந்தது. பழைமையான பெயர் மட்டும் நம்பிக்கைக்குப் போதாது என்பதையும், எந்த வேலைக்கு எந்தக் கத்தி என்பதை விற்போர் முன்கூட்டியே கூற வேண்டும் என்பதையும் அந்நிகழ்வு உணர்த்தியது.

விரலைக் காப்பது பூட்டு

எஃகு மோசமாக இருந்தால் மீண்டும் கூர்தீட்டிக்கொள்ளலாம். பூட்டு மோசமாக இருந்தால் காயம் ஏற்படும். ஆகவே மலிவான கத்தியில் முதலில் ஆராய வேண்டியது பூட்டையே.

சுவிஸ் பைக்கத்திகள் பலவற்றில் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைத் திறந்த நிலையில் வைத்திருக்கும். 'பேக் லாக்' வகையில் கைப்பிடியின் முதுகிலுள்ள நெம்புகோல் அலகின் அடியைக் கவ்வும். 'லைனர் லாக்' வகையில் கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும். அமெரிக்க வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர் 1980-களில் இதை இன்றைய வடிவத்துக்கு மேம்படுத்தினார். 'ஃபிரேம் லாக்' வகையில் கைப்பிடியின் ஒரு பக்கமே அந்தத் தகடாகச் செயல்படும்.

லைனர் லாக், ஃபிரேம் லாக் ஆகியவற்றில், கத்தியைத் திறந்ததும் தகடு அலகின் அடிப்பகுதியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அடிப்பகுதியின் அகலத்தில் கால் பங்கு முதல் பாதி வரை ஏறியிருப்பது நல்லது. விளிம்பில் மட்டும் தொட்டு நின்றால் அழுத்தத்தில் நழுவக்கூடும். எதிர்ப்பக்கம் வரை சென்றுவிட்டால், தேய்மானத்துக்கு இடமில்லை என்று பொருள்.

வாங்கியதும் செய்யத்தக்க சோதனைகள்

ஒன்று: மூடிய நிலையில் அலகு கைப்பிடியின் நடுவே அமைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் பொருத்துவதில் குறை இருக்கிறது.

இரண்டு: திறந்த நிலையில் அலகை மேலும் கீழும், இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அச்சுத் திருகை இறுக்கினால் தீரும். மேலும் கீழும் ஆடினால் குறை பூட்டில் உள்ளது. அத்தகைய கத்தியைத் திருப்பி அனுப்புவதே முறை.

மூன்று: அலகு மடங்கும் பாதையில் விரல் இல்லாதவாறு பிடித்து, அலகின் முதுகை மரப்பலகையின் மீது மெதுவாக அழுத்த வேண்டும். பூட்டு நகரக் கூடாது. முதுகால் ஓங்கி அடித்துச் சோதிப்பது பூட்டையே பழுதாக்கும் என்பதால் தவிர்க்கத்தக்கது.

நான்கு: மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்கினால் அலகு வெளியே வரக் கூடாது. வந்தால் சட்டைப்பைக்குள்ளேயே திறந்துகொள்ளும்.

ஐந்து: செய்தித்தாளை வெட்டிப் பார்த்தால் அலகின் எந்த இடத்தில் கூர்மை குறைகிறது என்பது தெரியும். தொழிற்கூடத்தில் அவசரமாகச் சாணை பிடிக்கும்போது விளிம்பு அதிகம் சூடாகிப் பதம் இழப்பதுண்டு. அதனால் புதுக் கத்தி விரைவில் மழுங்கினால், ஓரிரு முறை கூர்தீட்டிய பிறகே அதன் எஃகைப் பற்றி முடிவு செய்வது நியாயம்.

ஒத்த வடிவமும் போலியும்

வேறொரு நிறுவனத்தின் வடிவத்தைப் பின்பற்றுவதும், அதன் முத்திரையையே பொறித்து விற்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் பெஞ்ச்மேட் நிறுவனம் பயன்படுத்திய, குறுக்குக் கம்பியால் அலகைத் தாங்கும் பூட்டுக்கு 1998-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் காலம் முடிந்தபின் பல சீன நிறுவனங்கள் அந்த அமைப்பை வேறு பெயர்களில் பயன்படுத்துகின்றன. இதில் தவறில்லை. ஆனால் பிறருடைய முத்திரையைத் தாங்கிய போலியில் எஃகு, பதம், பூட்டு ஆகிய எதற்கும் பொறுப்பேற்க ஆளில்லை. புகழ்பெற்ற பெயருடைய கத்தி வழக்கமான விலையில் சிறு பங்குக்கே கிடைத்தால் ஐயுறுவது நலம்.

சட்டம் கூறுவது

இறக்குமதி செய்யப்பட்டுப் பொதியாக விற்கப்படும் பொருளின் மீது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியிட்ட பொருள்கள்) விதிகள் கூறுகின்றன. தயாரான நாட்டை இணைய விற்பனையிலும் தெரிவிக்க வேண்டும். இவ்விவரங்கள் இல்லாத கத்தி, குறை நேர்ந்தால் முறையிட முகவரியில்லாத கத்தி. புகார்களை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

வைத்திருப்பதற்கும் வரம்புகள் உள்ளன. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு உபயோகம், வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. தில்லியில் 1980-இல் வெளியான அறிவிக்கை இன்னும் கடுமையானது. வில், பொத்தான் போன்ற இயந்திர அமைப்பால் திறக்கும் கத்திகளில், அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ளவற்றை அது கட்டுப்படுத்துகிறது. பொத்தானை அழுத்தியதும் தானே பாய்ந்து திறக்கும் கத்திகள் இணையத்தில் விற்கப்படுகின்றன என்பதாலேயே அவற்றை வைத்திருப்பது சட்டப்படி சரி என்று கொள்ள முடியாது. விமானப் பயணத்தில் எந்தக் கத்தியையும் கைப்பையில் கொண்டுசெல்ல அனுமதி இல்லை.

எஃகின் பெயரையும் கடினத்தன்மையின் எண்ணையும் இறக்குமதியாளரின் முகவரியையும் மறைக்காமல் தெரிவித்து, மேற்கண்ட ஐந்து சோதனைகளிலும் தேறும் கத்தி எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும் அன்றாட வேலைக்குத் தகுதியானது. பூட்டில் ஐயம் எழுந்தால், திருப்பி அனுப்புவதற்கான கெடு முடியும் முன்பே அதைத் திருப்பிவிடுவது பாதுகாப்பானது.