சேதுபதியின் பற்று வரவு

எங்கள் ராஜபாளையத்தில் ராஜா என்பது குடும்பப் பெயர். தெருவுக்குப் பத்து ராஜாக்கள் இருப்பார்கள். பஞ்சு விலை பேசிக்கொண்டு டீ குடிப்பார்கள். பட்டம் கட்டிய ராஜா வேண்டுமென்றால் கிழக்கே ராமநாதபுரத்தைத்தான் பார்க்க வேண்டும். 1910 முதல் 1985 வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் நாங்களும் அந்த மாவட்டம்தான்.

நூல் மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். சேதுபதி என்று பட்டம் கொண்ட அந்த ராமநாதபுரம் ராஜாக்களில் ஒருவரான பாஸ்கர சேதுபதியை யாராவது ஊதாரி என்றால், எந்தத் தலைப்பில் செலவு என்றுதான் கேட்கத் தோன்றும்.

1868இல் பிறந்தவர். 1873இல் அப்பா இறந்ததும் ஜமீன் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கைக்குப் போனது. பையனைச் சென்னையில் வைத்து ஆங்கிலம் படிக்க வைத்தார்கள். பேரேட்டைப் பார்த்துச் செலவழிக்கும் ஜமீன்தார் ஒருவரை உருவாக்கத் துரைமார்களுக்கு ஆசை. 1889இல், இருபது வயதில், பொறுப்பு கைக்கு வந்ததும் அவர் பழைய சேதுபதியாகிவிட்டார். நவராத்திரிக்கு அள்ளி இறைத்தார். கோயிலுக்கு, புலவருக்கு, வித்வானுக்கு, சாமியாருக்கு என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டியவர்களில் ஒருவர். 1897 ஜனவரி 26 அன்று சுவாமி பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே. அதற்குள் ஜமீன் கடனில் கழுத்தளவு மூழ்கியிருந்தது. அதிகாரிகள் இதைப் பொறுப்பற்ற செலவாகவே பார்த்தார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1803இல் நிரந்தர ஒப்பந்தம் போட்டுச் சேதுபதியை ஜமீன்தாராக்கிய பிறகு படை போயிற்று, அதிகாரம் போயிற்று. ராஜா என்று காட்டிக்கொள்ள மிஞ்சியது கொடுக்கிற கை மட்டும்தான். அதையும் மடக்கிக்கொண்டால் வெறும் வரி வசூல் ஏஜெண்டு. ஆனால் அந்தப் பணம் யாருடையது? மழையையும் கண்மாயையும் நம்பி விதைத்த ரயத்துடையது. அந்த மட்டில் குறை சொன்னவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1901இல் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கியபோது பாஸ்கரரும் துணை நின்றார். அந்த ஒரு செலவை நான் தாராளமாக பாஸ் பண்ணுவேன்.

நான் கேள்வி போடுவது வேறொரு செலவுக்கு. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் போய் வழிபட்டார்கள். பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் சேதுபதி வழக்குப் போட்டார். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்திகரிப்புச் செலவைக் கொடு என்று கோரிக்கை. வேதாந்தச் சாமியாரைப் பாம்பனில் வணங்கி வரவேற்ற அதே வருஷம், நாலே மாதத்தில்! தீபாராதனைச் செலவைக் குடைந்தவர்கள் இந்தச் செலவை அவ்வளவாகக் குடையவில்லை.

கோயிலுக்குள் யார் போகலாம் என்ற அதே சண்டை எங்கள் பக்கத்து ஊரிலும் மூண்டது. சிவகாசி விசுவநாத சுவாமி கோயில் தகராறு முற்றி, 1899 ஜூன் 6 அன்று பெருங்கூட்டம் ஊருக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்தியது. உயிர்களும் போயின. கமுதி வழக்கால்தான் சிவகாசி எரிந்தது என்று சொல்ல மாட்டேன். அங்கே தனிப் பகை இருந்தது. ஆனால் இருபக்கத்தாரும் கமுதியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அதே ஆண்டு கமுதித் தீர்ப்பும் நாடார்களுக்கு எதிராக வந்தது.

பிறகு மேல்முறையீடு நடக்கும்போது பாஸ்கரர் சமரசத்துக்கு இறங்கிவந்தார். மனம் மாறினாரா, கடன் நெருக்கியதா? இரண்டும் கலந்திருக்கும் என்பது என் ஊகம். சமரசம் செல்லவில்லை. 1903 டிசம்பரில், முப்பத்தைந்து வயதில், இறந்துபோனார். 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தபோது, வழக்குக் கட்டில் ஜமீன் தரப்புப் பெயர் மகன் ராஜராஜேசுவரருடையது.