அக்ரூட் பிறைகளின் சரித்திரம்

ஹங்கேரியரின் கிறிஸ்துமஸ் பண்டிகையில் அக்ரூட் கொட்டைக்கு உள்ள ஸ்தானம் மிகப் பழமையானது. பண்டிகைக்கு முந்தின இரவு விருந்துக்கு அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு கொட்டையை உடைத்துப் பார்ப்பதும், பருப்பு நன்றாயிருந்தால் வரும் ஆண்டு ஆரோக்கியம் என்றும் சொத்தையாயிருந்தால் வியாதி என்றும் நிமித்தம் கொள்வதும், தீய சக்திகள் அண்டாதிருக்க அறையின் நான்கு மூலைகளிலும் கொட்டைகளை வீசுவதும் கிராமத்து வழக்கங்கள். ஆனால் அதே கொட்டையைப் பூரணமாக வைத்து வீட்டில் சுடும் கிஃப்லி என்ற பிறை வடிவப் பட்சணம் வீடுதோறும் பரவியது அவ்வளவு பழைய காலத்தில் அன்று.

பிறை வடிவத்தின் உற்பத்தியைப் பற்றி ஒரு கதை பிரசித்தம். 1683-ஆம் ஆண்டில் துருக்கிய சேனை வியன்னாவை முற்றுகையிட்டபோது, இரவில் விழித்திருந்து ரொட்டி சுட்டவர்கள் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டும் ஓசையைக் கேட்டு நகரத்தாரை எச்சரித்தார்கள் என்றும், பகைவர் கொடியிலிருந்த பிறையைப் பரிகசித்தே அவ்வடிவில் பட்சணம் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். 1686-இல் துருக்கியரிடமிருந்து மீட்கப்பட்ட புடா நகரின் மேலும் இதே கதையை ஏற்றிச் சொல்வதுண்டு. ஒரே கதைக்கு இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடினால் சரித்திரம் கற்றவனுக்குச் சந்தேகம் தட்டாமல் இராது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரியாவில் கிஃப்லி என்பதை ஒத்த பெயருடைய ரொட்டி இருந்ததற்கு ஆதாரம் உண்டு என்பதால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது.

அக்ரூட் பூரணத்துக்குப் புகழ் தேடித் தந்த நகரம், ஜெர்மானியர் பிரெஸ்பர்க் என்றும் ஹங்கேரியர் போஜோனி என்றும் அழைத்த, இன்றைய பிராட்டிஸ்லாவா. துருக்கியரின் படையெடுப்பால் 1536-இல் ராஜ்யத்தின் தலைநகரமாகி, 1563 முதல் 1830 வரை ஹங்கேரிய மன்னர்களின் பட்டாபிஷேகம் நிகழ்ந்த அந்நகரில், பிரபுக்களின் ருசிக்கு ஏற்ற ரொட்டிக் கடைகள் செழித்ததில் வியப்பில்லை. அங்கே கசகசாப் பூரணம் வைத்ததைக் குதிரை லாடம் போலவும், அக்ரூட் வைத்ததை அதைவிட வளைவாகவும் உருவாக்கினார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று வாங்குவோர் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டார்கள்.

கடைப் பண்டம் சாமானியர் வீட்டுக்குள் நுழைவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் யந்திரத் தொழில் வழி திறந்தது. 1870-களில் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் மெக்வார்ட் என்ற யந்திர நிபுணர் செம்மைப்படுத்திய இரும்பு உருளைகள், ஹங்கேரியச் சமவெளியின் கடினமான கோதுமையை வெண்மையான நயமாவாக அரைத்துத் தள்ளின. பீட் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரை, ஒரு காலத்தில் சீமான்களின் பொருளாயிருந்த இனிப்பை மலிவாக்கிற்று. திறந்த அடுப்பின் இடத்தில் வந்த இரும்பு அடுப்பு, வேண்டிய அளவுக்கு உஷ்ணத்தை அடக்கி ஆள இல்லத்தரசிக்கு வசதி செய்தது. இம்மூன்றும் கூடியிராவிட்டால் பாட்டிமார் கைப்பக்குவம் என்று இன்று போற்றப்படும் இக்கலை ஆயிரக்கணக்கான சமையலறைகளுக்கு வந்திராது.

அந்தக் கைப்பக்குவத்தின் நுட்பம் மேற்பூச்சில் விளங்கும். மாவை வெண்ணெயும் முட்டையின் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்து, குளிரவைத்து, மெல்லியதாகத் தேய்த்து, பொடித்த அக்ரூட்டைச் சர்க்கரைப் பாகோடும் எலுமிச்சைத் தோலின் துருவலோடும் கலந்த பூரணத்தை வைத்துச் சுருட்டி வளைத்த பின், முட்டையின் மஞ்சளைப் பூசிக் குளிர்ந்த இடத்தில் உலரவிடுவார்கள். உலர்ந்ததும் வெள்ளையைப் பூசி மறுபடியும் உலரவிடுவார்கள். இரண்டாம் பூச்சு காயும்போதும் வேகும்போதும் மேல்தோல் நுண்ணிய கோடுகளாக வெடித்துப் பளிங்குக் கல்லின் ரேகைகளைக் காட்டும். உலரும்வரை பொறுமையில்லாமல் அடுப்பில் ஏற்றிவிட்டால் ருசி குன்றாது. ஆனால் அந்த ரேகைகள் எழா.

1880-க்குப் பின் முதல் உலக யுத்தம் வரையில், பிழைப்பைத் தேடி அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ மாகாணங்களின் எஃகு ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் திரளாகக் குடியேறிய ஹங்கேரியரோடு கிஃப்லியும் கடல் கடந்தது. மாதா கோயில்களின் நிலவறைச் சமையலறைகளில் பெண்கள் கூடி, டஜன் டஜனாகச் சுட்டு விற்றுத் திருப்பணிக்குப் பொருள் சேர்த்தார்கள். தாய்நாட்டில் சிலர் மாவோடு சேர்க்கும் புளித்த பாலாடைக்குப் பதிலாக அங்கே கிடைத்த மிருதுவான கிரீம் சீஸைப் பலர் கலந்துகொண்டபோதும், பட்சணம் அந்நியமாகாமல் தன் பெயரோடேயே வாழ்ந்தது.

பிரெஸ்பர்க்கோ யுத்தத்தின் முடிவில் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்து, பெயரும் மாறிற்று. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்நகரத்துப் பிறையைப் பாரம்பரியச் சிறப்புடைய பண்டம் என்று பதிவு செய்தபோது காப்புப் பெற்றது செய்முறையே, நிலம் அன்று. விதித்த முறைப்படி செய்து அதற்குரிய பரிசோதனைக்கு உட்படுகிறவர் ஒன்றியத்தின் எந்த நாட்டவராயினும் அதைச் சுட்டு விற்கலாம். ராஜ்யங்களும் எல்லைகளும் மாறிய பிறகும் நிலைத்து நிற்பது செய்முறை ஒன்றே என்பதால், அத்தீர்ப்பு நியாயமான தீர்ப்பு.