செயற்கை இதய வால்வு

நோயால் சுருங்கியோ கிழிந்தோ போன இதய வால்வை அகற்றிவிட்டு அதே இடத்தில் தைத்துப் பொருத்தப்படும் கருவி செயற்கை இதய வால்வு. மனித இதயத்தில் வால்வுகள் நான்கு. இரத்தம் ஒரே திசையில் போக வழிவிட்டு, திரும்பி வராமல் அடைத்துக்கொள்வது அவற்றின் வேலை. அதிகம் பழுதாவதும் அதிகம் மாற்றப்படுவதும் இடப்பக்கத்து இரண்டும்தான்: இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு (மைட்ரல் வால்வு), இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குள் இரத்தம் புகும் வாயிலிலுள்ள பெருந்தமனி வால்வு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கணக்கிட்டால், ஒரு வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். செயற்கை வால்வைச் செய்ய முனைந்த ஒவ்வொருவரையும் திணறடித்தது இந்தக் கணக்குதான்.

பணக்கார நாடுகளில் வால்வு கெடுவது பெரும்பாலும் முதுமையில், சுண்ணாம்புச் சத்து படிந்து இதழ்கள் இறுகுவதால். இந்தியாவில் வெகுகாலமாக முதற்காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது; கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பாற்றல் இதய வால்வையும் சேர்த்துத் தாக்குகிறது. மூட்டுவலி சில வாரங்களில் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போவதில்லை. நெருக்கடியான வீடுகளில் வாழும், தொண்டைவலிக்கு மருத்துவரிடம் போக வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளே இந்நோய்க்கு அதிகம் ஆளாகிறார்கள். இருபது வயதுக்குள்ளேயே ஈரிதழ் வால்வு கடுமையாகச் சுருங்கிவிடும் இந்திய நோயாளிகளைப் பற்றி டெல்லி மருத்துவர் சுஜாய் ராயும் சகாக்களும் 1963இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, இந்நோயின் இந்திய முகத்தை உலகுக்குக் காட்டியது.

வால்வை அறுவையால் சரிசெய்யலாம் என்ற எண்ணம் 1902இலேயே இருந்தது. லண்டன் மருத்துவர் லாடர் பிரண்டன் அதை எழுத்தில் வைத்தபோது வரவேற்பைவிடக் கண்டனமே மிகுந்தது. 1923 மே மாதம் பாஸ்டனில் எலியட் கட்லர் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் இதயக் கீழறை வழியாகச் சிறு கத்தியைச் செலுத்திச் சுருங்கிய வால்வை வெட்டினார். அவள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தாள். அடுத்தடுத்து வந்த நோயாளிகள் இறந்ததால் அவர் அந்த முயற்சியைக் கைவிட்டார்.

ஈரிதழ் வால்வு அறுவையின் சரியான பாதையைக் கண்டவர் லண்டன் மருத்துவமனையின் ஹென்றி சூட்டர். 1925 மே 6 அன்று, இளம்பெண்ணொருத்தியின் இடது மேலறையில் காதுமடல் வடிவில் நீண்டிருக்கும் பகுதியைத் திறந்து, அதன் வழியே தன் சுட்டுவிரலை உள்ளே நுழைத்தார். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் வால்வின் இதழ்களை விரல் நுனியால் தடவி, எவ்வளவு சுருங்கியிருக்கிறது, எவ்வளவு கசிகிறது என்று உணர்ந்தார். வெட்டும் எண்ணத்தோடுதான் தொடங்கினார். கசிவு கூடுதல் என்று தெரிந்ததும் கத்தியை எடுக்காமல், ஒட்டியிருந்த இதழ்களை விரலாலேயே விரித்துவிட்டு வெளியே வந்தார். நோயாளி பிழைத்தாள். அதன்பின் ஒரு மருத்துவர்கூட அவரிடம் இன்னொரு நோயாளியை அனுப்பவில்லை. இதய நோயில் கெடுவது தசைதான், வால்வு இரண்டாம்பட்சம் என்பது அக்காலத்துப் பெரிய மருத்துவர்களின் முடிவு. அந்தப் பிடிவாதத்தால் வீணான ஆண்டுகள் இருபதுக்கு மேல். அதற்குள் மூச்சு வாங்கி மடிந்த இளைஞர்கள் எத்தனையோ பேர்.

விரல் மீண்டும் உள்ளே போனது 1948இல். பிலடெல்பியாவின் சார்லஸ் பெய்லியிடம் அறுவை செய்துகொண்ட முதல் சில நோயாளிகள் இறந்துபோயினர்; மருத்துவமனைகள் அவருக்குக் கதவடைக்கத் தொடங்கின. தடை முழுமையாக வந்து விழுவதற்கு முன்பே செய்து முடித்துவிட எண்ணி, ஜூன் 10 அன்று ஒரே நாளில் இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு அறுவைகளுக்கு ஏற்பாடு செய்தார். காலையில் முதல் நோயாளி இறந்தார். பிற்பகலில் அடுத்த மருத்துவமனைக்குப் போய் ஓர் இளம்பெண்ணுக்கு அதே அறுவையைச் செய்தார், அவள் பிழைத்துக்கொண்டாள். ஆறே நாளில் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், செப்டம்பரில் லண்டனில் ரஸல் பிராக்கும் வெற்றி கண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் இதயத்திலிருந்து குண்டுத் துண்டுகளை எடுத்துப் பழகிய கை ஹார்க்கனுடையது.

இதயத்தை நிறுத்தாமல் செய்யும் இந்த ‘மூடிய’ அறுவை தமிழ்நாட்டில் வேரூன்றிய இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1940களின் இறுதியில் அங்கே நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைகளுள் ஒன்றை 1961இல் என். கோபிநாத் செய்ததும் அங்கேதான். ஸ்டான்லி ஜானும் குழுவினரும் 3,724 நோயாளிகளுக்குத் தொடர்ச்சியாகச் செய்த மூடிய ஈரிதழ் வால்வு விரிப்பின் நீண்டகால விளைவுகளை 1983இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியிட்டனர். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாத இந்த அறுவை, ஏழை நாட்டுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு அந்த எண்ணிக்கையே சான்று.

ஆனால் இதழ்கள் தடித்துச் சுண்ணாம்பேறிவிட்டால் விரித்துப் பயனில்லை. வால்வையே மாற்ற வேண்டும். அதற்கு இதயத்தை நிறுத்தித் திறக்க வேண்டும். ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதல் வெற்றியைக் காணும்வரை அது இயலாத காரியம். அதற்கு எட்டு மாதம் முன்பே, 1952 செப்டம்பரில், வாஷிங்டனில் சார்லஸ் ஹஃப்நாகல் ஒரு சுற்றுவழியைக் கண்டிருந்தார். பிளாஸ்டிக் குழலுக்குள் ஒரு பந்து; அதை இதயத்துக்குள் அல்லாமல், கீழிறங்கும் பெருந்தமனியில் பொருத்தினார். கசிவைப் பாதியளவு தடுத்தது. பந்து மோதும் சத்தம் பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழுந்தது.

1960 இத்துறையின் பெரிய ஆண்டு. மார்ச் 10 அன்று ஹார்க்கன், பெருந்தமனி வால்வு இருக்கும் இடத்திலேயே கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைப் பொருத்தினார். மறுநாள் நீனா பிரான்வால்ட் தானே வடிவமைத்த பாலியூரித்தேன் வால்வை ஈரிதழ் இடத்தில் தைத்தார். இதய அறுவையில் பெண்கள் மிக அரிதாக இருந்த காலம் அது. அவருக்குரிய இடத்தை வரலாறு இன்னும் முழுதாகத் தரவில்லை. அதே ஆண்டு ஓரிகனில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரும், ஓய்வுபெற்ற பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸும் சேர்ந்து செய்த வால்வுதான் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. விமானங்களுக்கான எரிபொருள் பம்புகளில் பெயரெடுத்த எட்வர்ட்ஸ், செயற்கை இதயமே செய்ய வேண்டும் என்ற ஆசையோடு 1958இல் ஸ்டாரிடம் வந்தவர். முதலில் ஒரு வால்வு செய்யலாம் என்று ஸ்டார் அவரைத் திருப்பினார். முதலில் செய்த இதழ் வால்வுகள் நாய்களின் உடலில் சில நாட்களிலேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டன. அதனால் இயற்கை வால்வின் சாயலே இல்லாத பந்து வடிவத்துக்கு மாறினார்கள். ஆகஸ்டில் முதல் நோயாளி இறந்தார். செப்டம்பர் 21 அன்று அறுவை செய்துகொண்ட இரண்டாமவர் பத்தாண்டு உயிர் வாழ்ந்தார். அவரைக் கொண்டுபோனது வால்வு அல்ல, ஏணியிலிருந்து விழுந்த விபத்து.

பந்துக்குப் பின் சாயும் தட்டு வந்தது, அதற்குப் பின் இரண்டு அரைவட்ட இதழ்கள். பைரோலிட்டிக் கார்பன் என்ற பொருள்தான் இந்த மாற்றத்துக்கு அடிப்படை. அணு உலை எரிபொருள் துகள்களுக்கு மேற்பூச்சாக உருவான இந்தக் கார்பன் தேய்வதில்லை, இரத்தத்தையும் எளிதில் உறையவைப்பதில்லை. 1977 அக்டோபரில் மினசோட்டாவில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட செயின்ட் ஜூட் வால்வின் இரண்டு அரைவட்ட இதழ் வடிவமே இன்றைய உலோக-கார்பன் வால்வுகளுக்கு முன்மாதிரி.

இந்தியாவின் பங்கு திருவனந்தபுரத்தில் பிறந்தது. அங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அன்றைய தலைவர் எம். எஸ். வலியத்தான், இறக்குமதி வால்வின் விலை தன் நோயாளிகளுக்கு எட்டாதது கண்டு, உள்நாட்டிலேயே செய்வது என்று 1970களில் முடிவெடுத்தார். அரச குடும்பம் கொடுத்த பழைய சாட்டல்மண்ட் அரண்மனையில் ஆய்வுக்கூடம் அமைந்தது. மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே வளாகத்தில் வேலை செய்யும் ஏற்பாடு அன்றைய இந்தியாவுக்குப் புதிது. ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகள் தோற்றன. டைட்டானியம் கூடு நிலைக்கவில்லை. ஒற்றைப் படிக நீலக்கல்லால் செய்த தட்டு உடைந்தது. நான்காவது மாதிரியில் குரோமியம்-கோபால்ட் கலப்புலோகக் கூடு, மிகைமூலக்கூறு எடையுள்ள பாலிஎதிலீன் தட்டு, பாலியஸ்டர் தையல் வளையம் என்று பொருட்கள் முடிவாயின. இயந்திரத்தில் கோடிக்கணக்கான முறை திறந்து மூடி, ஆடுகளில் பொருத்திப் பார்த்த பின், 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முறையாக மனித இதயத்தில் துடித்தது. சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்று, டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் விற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இது பொருத்தப்பட்டுள்ளது. தட்டு பிளாஸ்டிக் என்பதால் ஓசையும் குறைவு. ஒரு வளரும் நாடு தன் நோய்க்குத் தானே கருவி செய்துகொண்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

உயிரிய வால்வுகள் தனி வகை. பன்றியின் பெருந்தமனி வால்வை அல்லது மாட்டின் இதய உறையைக் குளூட்டரால்டிஹைடு கரைசலில் பதப்படுத்திச் செய்யும் முறையை 1960களின் இறுதியில் பாரிஸின் அலென் கார்ப்பெந்தியே நிலைநாட்டினார். இவற்றைப் பொருத்தியவர்கள் வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்ண வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுண்ணாம்பேறிக் கிழியும். இளவயதில் இன்னும் விரைவாக. ஆகவே இளம் நோயாளிக்குப் பெரும்பாலும் உலோக வால்வே தகுந்தது.

அறுவை நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலால் இதயத்தை நிறுத்துகிறார்கள். கெட்ட வால்வை வெட்டியெடுத்ததும் அளவுகோல் வளையங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து அளவைத் தேர்வார்கள். பச்சை, வெள்ளை என மாற்றி மாற்றி நிறமிட்ட நூல்களைச் சுற்றிலும் திசுவில் கோத்து, அவற்றின் மறுமுனைகளை வால்வின் தையல் வளையத்தில் வரிசை பிசகாமல் வாங்கி, வால்வை நூல்களின் மேல் வழுக்கி இறக்கி, முடிச்சிடுவார்கள். பிறகு தட்டு தடையின்றி அசைகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு நூல் நுனி உள்ளே சிக்கினாலும் தட்டு நின்றுவிடும். பெருந்தமனியின் அடிப்பகுதியே பலூன் போல வீங்கியிருந்தால், வால்வு தைத்த செயற்கைக் குழலைப் பொருத்தி இதயத் தமனிகளை அதில் மீண்டும் இணைக்க வேண்டும். பென்டால், டி போனோ இருவரும் 1968இல் வெளியிட்ட இம்முறையைப் பென்டால் அறுவை என்கிறார்கள்.

சிக்கல்களில் தலையாயது இரத்தம் உறைதல். உலோக வால்வு வைத்தவர் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரையை உயிருள்ளவரை உண்ண வேண்டும். அளவு சரியா என்று காட்டுவது ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை. மாத்திரை உண்ணாதவருக்கு அது 1 அளவில் இருக்கும், பெருந்தமனி வால்வுக்கு 2.5ஐயும் ஈரிதழ் வால்வுக்கு 3ஐயும் ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் இரத்தக்கட்டி, பக்கவாதம். கூடினால் ஈறிலும் மூளையிலும் இரத்தக்கசிவு. கீரையை அடியோடு விட வேண்டாம், வாரந்தோறும் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து பத்து நாள் விட்டவர்கள் மூச்சுத் திணறி வந்து சேர்வது இதயப் பிரிவுகளில் பழகிய காட்சி. வழக்கமாகக் கேட்கும் ‘டிக்’ ஓசை மங்கியிருக்கும். ஃபுளோரோஸ்கோப் என்ற எக்ஸ்-கதிர்க் கருவியில் பார்த்தால் தட்டு அசையாமல் நிற்கும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்தால் கட்டியைக் கரைக்கலாம், இல்லாவிட்டால் மறு அறுவை.

கருவுற்ற பெண்களுக்குச் சிக்கல் இருமடங்கு: வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும். திருமணத்துக்கு முன்பே இதைப் பெண்ணிடமும் வீட்டாரிடமும் விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை. கிருமித் தொற்று வால்வில் குடிகொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் தருகிறார்கள். தையல் ஓரக் கசிவு, இரத்த அணுக்கள் சிதைதல், பேஸ்மேக்கர் வேண்டிய அளவுக்கு இதயத் துடிப்பு தடைபடுதல் ஆகியவையும் உண்டு. கருவியே உடைவது மிக அரிது. விலக்கு பியோர்க்-ஷைலி குவிகுழி வால்வு. ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட இதில், பற்றவைத்த கம்பி முறிந்து தட்டு கழன்று பலர் மாண்டனர். 1986இல் விற்பனை நின்றது.

அண்மைக் காலத்தில் நெஞ்சைத் திறக்காத முறைகள் பெருகியுள்ளன. சுருங்கிய ஈரிதழ் வால்வைத் தொடை வழியே செலுத்தும் இனோவே பலூனால் விரிக்கிறார்கள். அலென் கிரிபியே 2002இல் பிரான்சில் தொடங்கிய, மடக்கிய வால்வைக் குழாய் வழியே கொண்டுபோய்ப் பொருத்தும் டாவி முறை, முதியவர்களின் பெருந்தமனி வால்வு நோய்க்கு இந்தியப் பெருநகரங்களிலும் செய்யப்படுகிறது; குஜராத்தின் மெரில் நிறுவனம் இதற்கான வால்வைத் தயாரிக்கிறது.